பேக்கேஜிங் டிசைனுக்கு இல்லஸ்ட்ரேட்டர் பிளகின்கள்: எது தேவை, எது வீண் செலவு?

டப்பாகலை

வணக்கம். வேலை முழுக்க இல்லஸ்ட்ரேட்டரில்தான். இதுவரை மடிப்பு அட்டைப்பெட்டிகள் மட்டும். இனி ஸ்டாண்ட்-அப் பவுச்சும் (நிற்கும் பிலிம் பை) ஷ்ரிங்க் ஸ்லீவும் (சூட்டில் சுருங்கி பாட்டிலைப் பிடிக்கும் பிலிம் உறை) சேர்கின்றன. பெட்டியை மடித்து முப்பரிமாணத்தில் காட்ட, பார்கோடு போட, வெள்ளை மை அடுக்கு உண்டாக்க, கடைசியில் கோப்பைச் சரிபார்க்க என நாலு வேலைக்கும் பிளகின் தேடுகிறேன். எஸ்கோ நிறுவனத்தின் டெஸ்க்பேக் பிளகின் தொகுப்பை முழுதாக வாங்கத்தான் வேண்டுமா, உதிரி பிளகின்களை வைத்தே ஓட்டிவிடலாமா?

இன்னொரு சிக்கல்: டைலைன் (பெட்டியின் வெட்டு, மடிப்புக் கோடுகளின் வரைபடம்) டிஎக்ஸ்எஃப் என்ற கேட் கோப்பாகத்தான் வருகிறது. திறந்தால் அளவு பொருந்துவதில்லை. மடிக்கும் பிளகினில் போட்டால் பேனல்களையே (பெட்டியின் பக்கங்களை) அது கண்டுகொள்வதில்லை.

கத்திவரி

முதலில் டிஎக்ஸ்எஃப். அது சரியாகாமல் எந்த பிளகினை வாங்கியும் பயனில்லை.

டிஎக்ஸ்எஃப் கோப்பில் எண்கள் இருக்கும். அந்த எண் மில்லிமீட்டரா அங்குலமா என்பது பல நேரம் தெளிவாக இருக்காது. திறக்கும்போது வரும் பெட்டியில் அசல் அளவு என்பதைத் தேர்ந்து, 1 அலகு = 1 மி.மீ. என்று கொடுங்கள். திறந்ததும் அளவு தெரிந்த ஒரு பேனலை அளந்து பாருங்கள். 120 மி.மீ. இருக்க வேண்டியது 42.33 மி.மீ. என்று காட்டினால், எண்களைப் பாயின்ட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 25.4 மடங்கு பெரிதாக வந்தால் அங்குலம். கண்ணளவில் இழுத்துப் பொருத்த வேண்டாம். சரியான அலகைக் கொடுத்து மறுபடி திறப்பதுதான் வழி.

பேனல் தெரியாததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். கோடுகள் துண்டு துண்டாக வந்திருக்கும், முனைகளுக்கு நடுவே 0.01 மி.மீ. இடைவெளி இருக்கும். அல்லது ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை இருக்கும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: டை (அட்டையை வெட்டும் அச்சு) செய்பவர்கள் கிரீஸ் கோட்டை (மடிப்புக் கோட்டை) வெட்டுக் கோடு வரை கொண்டுபோகாமல் கொஞ்சம் முன்பே வேண்டுமென்றே நிறுத்துவார்கள். டைக்கு அது சரி. மடிக்கும் பிளகினுக்கோ அந்தப் பேனல் மூடாத வடிவம்.

செய்ய வேண்டியது: வெட்டு, கிரீஸ், பெர்ஃபரேஷன் (கிழிப்பதற்கான துளைக்கோடு) மூன்றையும் ஒரே நிறக் கோடுகளைத் தேர்ந்தெடுக்கும் வசதியால் பிரித்துத் தனித்தனி ஸ்பாட் ஸ்வாட்ச் (தனி மையாக நிற்கும் நிறம்) கொடுங்கள். இரட்டைக் கோடுகளையும் உதிரிப் புள்ளிகளையும் களைய அஸ்டியூட் கிராஃபிக்ஸின் வெக்டர்ஃபர்ஸ்ட்எய்ட் நன்றாக உதவும். பிறகு டைலைன் லேயரை நகலெடுத்து, நகலில் மட்டும் கிரீஸ் கோடுகளை வெட்டுக் கோடு வரை நீட்டுங்கள். அந்த நகல் மடித்துப் பார்க்க மட்டும். அச்சுக்குப் போகும் கோப்பில் அது இருக்கவே கூடாது.

அச்சகத்தில் ஆர்டியாஸ்கேட் (பெட்டி வடிவமைக்கும் மென்பொருள்) இருந்தால் ஏஆர்டி அல்லது சிஎஃப்2 கோப்பைக் கேட்டு வாங்குங்கள். டெஸ்க்பேக்கின் ஸ்ட்ரக்சுரல் டிசைன் பிளகின் அதைத் திறக்கும். எது வெட்டு எது கிரீஸ் என்ற வகைப்பாடும் கூடவே வரும். மேலே சொன்ன பாதி வேலை மிச்சம்.

மடிப்புக்காரன்

மடித்துக் காட்டும் கருவிகளைப் பற்றி.

இல்லஸ்ட்ரேட்டரிலேயே இருக்கும் மாக்கப் வசதி படத்தின்மேல் ஓவியத்தை ஒட்டிக் காட்டும், அவ்வளவுதான். மடிப்பு பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கூடவே இருக்கும் முப்பரிமாண எஃபெக்ட் பாட்டில், ஜாடி போன்ற சுற்று வடிவங்களுக்குப் பரவாயில்லை. பெட்டிக்கு இரண்டும் உதவாது.

எஸ்கோ ஸ்டுடியோ இல்லஸ்ட்ரேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. ஒரு பக்கம் நிறத்தை மாற்றினால் மறுபக்கம் பெட்டியில் தெரியும். பெட்டி, பவுச், லேபிள், ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒவ்வொன்றுக்கும் தனி டூல்கிட். ஐசி3டி தனி மென்பொருள். இல்லஸ்ட்ரேட்டரோடு இணைத்துக்கொள்ளலாம், சுருங்கும் பிலிமையும் கணக்குப் போடும். ஒரிகாமி டைலைனைப் படித்து மடித்துத் தரும். அதே நிறுவனத்தின் பாக்ஸ்ஷாட்டில் போட்டு விளம்பரப் படம் எடுத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டி மட்டும் என்றால் ஒரிகாமி, பாக்ஸ்ஷாட் ஜோடியே போதும் என்பது என் கருத்து.

மடிக்கும்போது அடித்தளப் பேனலாக முன்பக்கத்தை வையுங்கள். பேஸ்டிங் ஃபிளாப்பை (பசை ஒட்டும் மடலை) வைத்தால் கோணங்கள் குழம்பும். பிறகு சுற்றுப் பேனல்களை 90 டிகிரி, அடுத்து டஸ்ட் ஃபிளாப் (மூடிக்கு அடியில் மடியும் பக்க மடல்), கடைசியில் டக் ஃபிளாப் (உள்ளே செருகும் மூடி மடல்). வரிசை மாறினால் அனிமேஷனில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும்.

அட்டையின் தடிமன் என்று ஒன்று இருப்பதை மறக்க வேண்டாம். பல கருவிகள் தடிமனைச் சுழியமாக வைத்தே மடிக்கும்; திரையில் எல்லாப் பெட்டியும் அழகாக மூடும். நிஜத்தில் நெளி அட்டை வகைகளில் இ-ஃப்ளூட் சுமார் 1.5 மி.மீ., பி-ஃப்ளூட் சுமார் 3 மி.மீ. பேஸ்டிங் ஃபிளாப் ஒட்டும் பேனலும் டக் ஃபிளாப்பும் தடிமனுக்கேற்பக் குறைக்கப்பட்டிருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் டைலைனில் நாலு பேனலும் ஒரே அகலமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நாலுகலர்

மடிப்புக்காரன் சொல்வதில் தவறில்லை, ஆனால் வரிசை தலைகீழ். முப்பரிமாணப் படம் வாடிக்கையாளர் தலையாட்டுவதற்கு. பணம் போவது பிளேட்டில் (அச்சுத் தகட்டில்). முதல் செலவு சரிபார்க்கும் கருவிக்குத்தான்.

பிளகின் வாங்கும் முன் இல்லஸ்ட்ரேட்டரிலேயே சும்மா கிடக்கும் இரண்டைப் பயன்படுத்துங்கள்: ஓவர்பிரிண்ட் பிரிவியூ (அடி நிறத்தைக் குடையாமல் அதன்மேலேயே அச்சிடுவது ஓவர்பிரிண்ட்), செப்பரேஷன்ஸ் பிரிவியூ (மைகளைத் தனித்தனியாகக் காட்டுவது). இரண்டாவதில் ஒவ்வொரு மையாக அணைத்துப் பார்த்தாலே பேன்டோன் என்ற நிற எண் முறையில் 186 சி, 186 யு என்று ஒரே சிவப்பு இரண்டு பிளேட்டாக நிற்பது தெரிந்துவிடும். டைலைன் ஓவர்பிரிண்ட் ஆகாமல் அடியில் உள்ள நிறத்தைக் குடைந்திருப்பதும் தெரியும். வெட்டு ஒரு நூல் தள்ளி விழுந்தால் அங்கே வெள்ளைக் கோடு பல்லைக் காட்டும்.

அடிக்கடி நடக்கும் இன்னொன்று. கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் போட்டு வைத்திருப்பார்கள். பிறகு அதே எழுத்தை வெள்ளையாக மாற்றுவார்கள். ஓவர்பிரிண்ட் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரணத் திரையில் எழுத்து தெரியும், அச்சில் காணாமல் போகலாம்.

பேன்டோன் பற்றி: 2022 இறுதியிலிருந்து அடோபி மென்பொருள்களில் பெரும்பாலான பேன்டோன் நூலகங்கள் இல்லை, பேன்டோன் கனெக்ட் நீட்சி வழியாகத்தான். ஸ்வாட்ச் பெயரைக் கையால் தட்டச்சு செய்பவர்கள் ஒரு இடைவெளி கூடினாலும் அது புது மை என்பதை நினைவில் வையுங்கள்.

டப்பாகலை

நாலுகலர் சார், புரிந்தது. வெள்ளை மைக்கு என்ன வழி? பவுச் ஒளிபுகும் பிலிமில் வருகிறது. ஓவியம் முழுவதையும் தேர்ந்து, ஒன்றாக்கி, வெள்ளை என்று ஒரு ஸ்வாட்ச் கொடுத்தால் போதாதா?

பிளேட்ரூம்

போதாது. நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

ஸ்வாட்ச் ஸ்பாட் நிறமாக இருக்க வேண்டும். திரையில் கண்ணுக்குத் தெரியும்படி இளநீலம் போல ஏதாவது கொடுங்கள். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு எல்லாம் சுழியம் என்று வைத்தால் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அடுத்து ஓவர்பிரிண்ட். வெள்ளையைத் தனி லேயரில் மேலே வைத்து ஓவர்பிரிண்ட் கொடுப்பவர்களும் உண்டு, அடியில் வைப்பவர்களும் உண்டு. அச்சகம் சொல்கிறபடி செய்யுங்கள். எப்படி வைத்தாலும் வெள்ளையும் மற்ற நிறங்களும் ஒன்றையொன்று குடையக் கூடாது.

மூன்றாவது, சோக், அதாவது வெள்ளையை உள்நோக்கிச் சுருக்குவது. வெள்ளை ஓவிய விளிம்பைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. உள்ளே அடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) கொஞ்சம் விலகினாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஆஃப்செட் பாத்தில் -0.15 கொடுத்தால் பெரிய வடிவங்களுக்குச் சரியாக வரும். மெல்லிய கோடுகளும் சின்ன எழுத்துகளும் அதில் மறைந்தே போகும். 0.3 மி.மீ. கோட்டில் இரு பக்கமும் 0.15 போனால் மிச்சம் என்ன? சிறிய எழுத்துக்கு அடியில் எழுத்து வடிவிலேயே வெள்ளை போடாமல் முழுப் பட்டையாகப் போடுவது அதனால்தான்.

நான்காவது, படங்களும் மென்நிழல்களும். ஒன்றாக்கினால் நிழலின் சதுர எல்லை முழுவதும் வெள்ளையாகிவிடும். டெஸ்க்பேக்கின் ஒயிட் அண்டர்பிரிண்ட் உதவுவது இங்கேதான்: படத்தின் ஒளிபுகும் அளவையும் பார்த்து வெள்ளையை உண்டாக்கும், சோக் அளவும் கொடுக்கலாம். வருடத்துக்கு இரண்டு பவுச் என்றால் கையாலேயே செய்துகொள்ளுங்கள். மாதம் பத்து என்றால் வாங்கிவிடுங்கள்.

பவுச்சில் சீல் பகுதியில் (சூட்டால் ஒட்டும் ஓரத்தில்) முக்கியமான எழுத்து வேண்டாம். ஐ-மார்க் (சென்சார் பார்க்கும் அடையாளக் கட்டம்) ஓடும் பாதையில் சென்சார் வேறு எதையும் பார்க்கக் கூடாது. அந்தப் பட்டை முழு நீளத்துக்கும் காலியாக இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை, ஃபிளெக்ஸோ (வளையும் பிளேட்டால் அச்சிடும் முறை) பிளேட் சுருக்கம் பற்றி. பிளேட்டை உருளையில் சுற்றும்போது அதன் மேற்பரப்பு நீளும், ஆகவே அச்சு ஓடும் திசையில் மட்டும் முன்கூட்டியே சுருக்க வேண்டும். 1.14 மி.மீ. பிளேட்டில் பாலியஸ்டர் அடித்தளம் 0.18 மி.மீ. என்றால் மிச்சம் 0.96; அதை 6.283 ஆல் பெருக்கினால் 6.03. ரிப்பீட் (உருளை ஒரு சுற்றில் அச்சிடும் நீளம்) 400 மி.மீ. என்றால் 6.03 வகுத்தல் 400, ஏறக்குறைய 1.5 சதவீதம், அதாவது 98.5 சதவீதமாகச் சுருக்க வேண்டும். இதை டிசைனர் செய்யவே கூடாது. அச்சகத்தில் ரிப்பில் (கோப்பைப் பிளேட்டுக்கு மாற்றும் மென்பொருளில்) செய்வார்கள். பிளகினில் அந்தப் பெட்டி கண்ணில் படுகிறதே என்று நீங்களும் கொடுத்தால் இரண்டு முறை சுருங்கி, லேபிள் டையோடு பொருந்தாது. டிராப்பிங்குக்கும் (அடுத்தடுத்த நிறங்களை இடைவெளி தெரியாமல் சற்று மேலேறவைப்பது) இதே கதைதான்: ஒரே ஒருவர்தான் செய்ய வேண்டும்.

கோடுகணக்கு

பார்கோடு. தயவுசெய்து இணையத்தில் செய்த ஜேபெக் படத்தை ஒட்டாதீர்கள். இஏஎன்-13 குறியீட்டில் 100 சதவீத அளவில் ஒரு மாட்யூல் (மிக மெல்லிய கோட்டின் அகலம்) 0.33 மி.மீ., வெற்றிடங்களோடு மொத்தம் 113 மாட்யூல், அகலம் 37.29 மி.மீ. அனுமதிக்கப்பட்ட அளவு 80 முதல் 200 சதவீதம். இடது பக்கம் 11 மாட்யூல், வலது பக்கம் 7 மாட்யூல் காலியாக இருக்க வேண்டும். டிசைனர்கள் முதலில் தின்பது இந்த வலது பக்க வெற்றிடத்தைத்தான். வலது ஓரத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி போட்டு அந்த இடத்தைக் காக்கும் வழக்கம் உண்டு. பிளகினில் அதற்கு வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள்.

பார்கோடு பிளகின் எதுவாயினும் இரண்டு அம்சம் இருக்கிறதா என்று பாருங்கள்: மாட்யூல் அளவை நேரடியாக எண்ணாகக் கொடுப்பது, கோட்டு அகலக் குறைப்பு. ஃபிளெக்ஸோவில் மை பரவிக் கோடுகள் தடிக்கும், அதற்கு ஈடாகக் கோட்டை மெலிதாக்கும் அம்சம் அது. எவ்வளவு என்று அச்சகத்திடம் கேளுங்கள், ஊகிக்க வேண்டாம். பிளகின் வரைந்த பார்கோடைப் பிறகு மூலையைப் பிடித்து இழுத்தால் இந்தக் குறைப்பின் அளவும் மாறிப்போகும். அளவு மாற்ற வேண்டுமானால் பிளகினிலேயே மாற்றுங்கள்.

நிறம்: ஸ்கேனரின் ஒளி சிவப்பு. சிவப்புக் கோடுகள் அதற்கு வெள்ளையாகத் தெரியும். சிவப்புப் பின்னணியில் கறுப்புக் கோடு படிக்கும். ஒளிபுகும் பிலிமில் பார்கோடு பெட்டிக்கு அடியில் வெள்ளை அடர்த்தியாக இருக்கட்டும்.

கரகேட்டட் (நெளி அட்டை) வெளிப்பெட்டிக்கு ஐடிஎஃப்-14 பார்கோடு. அதில் 100 சதவீதம் என்றால் மாட்யூல் 1.016 மி.மீ.; நேரடியாக அட்டையில் அச்சிட்டால் 62.5 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள்.

மடிப்புக்காரன்

கோடுகணக்கு, ஸ்லீவில் பார்கோடை எப்படி நிறுத்தச் சொல்வீர்கள்? பாட்டில் நின்றால் கோடுகள் ஏணிப்படி போலக் கிடையாகத்தானே இருக்க வேண்டும்?

கோடுகணக்கு

ஆம், ஏணி போல. ஸ்லீவ் சுற்றளவில் சுருங்குகிறது; கோடுகள் செங்குத்தாக நின்றால் அவற்றின் அகலமே சுருங்கி அளவு கெடும். கிடையாக இருந்தால் கோட்டின் நீளம்தான் குறையும், அதனால் படிப்பதற்குக் கேடில்லை. வளைவு அதிகமான சிறு பாட்டிலுக்கும் இதுவே பொருந்தும்.

ஆனால் ஒரு முரண் உண்டு. அச்சு இயந்திரத்தில் பிலிம் பாட்டிலின் உயரத் திசையில் ஓடும். ஏணியாக நிறுத்தினால் கோடுகள் ஓட்டத்துக்குக் குறுக்கே விழும், அந்தத் திசையில்தான் மை இழுபடும். எனவே குறைந்த அளவான 80 சதவீதத்தில் வைக்காமல் இடம் கிடைக்கும் வரை பெரிதாக்குங்கள். கோடுகளை அதிகம் சுருங்காத நேரான உடல் பகுதியில் வையுங்கள், கழுத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பிளேட்ரூம்

ஸ்லீவ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். ஐசி3டி-யோ எஸ்கோவின் ஷ்ரிங்க் டூல்கிட்டோ தரும் எதிர்-உருமாற்றம் ஒரு கணிப்பு. பிலிம் வகை, சுரங்க அடுப்பின் வெப்பம், பாட்டிலுக்குள் பொருள் இருக்கிறதா என்பதெல்லாம் முடிவை மாற்றும். 5 மி.மீ. கட்டங்கள் போட்ட ஒரு தாளை அதே பிலிமில் அச்சிட்டு, அதே பாட்டிலில் சுருக்கி, ஒவ்வொரு உயரத்திலும் கட்டத்தின் அகலம் என்னவாயிற்று என்று அளந்து, பிளகின் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். வட்டமான லோகோவும் முகமும் இருக்கும் இடத்தில்தான் வித்தியாசம் உறுத்தும். கிடைக்கோடுகளும் தட்டையான நிறமும் இருக்கும் இடத்தில் உருமாற்றமே தேவையில்லை. எல்லாவற்றையும் உருமாற்றினால் பிறகு திருத்தவே முடியாது.

நாலுகலர்

சரிபார்ப்புக்கு வருகிறேன். பிட்ஸ்டாப் புரோ அக்ரோபாட்டுக்குள் ஓடும் பிளகின். கேலஸ் பிடிஎஃப்டூல்பாக்ஸ் தனியாகவும் ஓடும், அக்ரோபாட்டிலும் ஓடும். எதுவானாலும் இல்லஸ்ட்ரேட்டர் கோப்பை அல்ல, அனுப்பப்போகும் பிடிஎஃப்-ஐச் சோதிக்க வேண்டும். அச்சகம் வேறு கேட்காவிட்டால் அச்சுக்கான பிடிஎஃப் தரமான பிடிஎஃப்/எக்ஸ்-4.

பெட்டிக்கென்று சுயவிவரம் அமைக்கும்போது இவற்றைச் சேருங்கள்: அனுமதித்த மைகளின் பட்டியல், அதற்கு மேல் ஒன்று வந்தாலும் பிழை. டைலைன் நிறத்தில் உள்ள எல்லாம் ஓவர்பிரிண்ட். டைலைன் நிறத்தில் நிரப்பு எதுவும் இல்லை, கோடு மட்டும். வெட்டுக்கு வெளியே நீளும் ஓவியம் (பிளீடு) 3 மி.மீ., கரகேட்டடுக்கு அச்சகம் கேட்கும் அளவு. பேஸ்டிங் ஃபிளாப்பில் மையும் வார்னிஷும் இல்லாத பகுதி. அங்கே வார்னிஷ் போனால் பசை பிடிக்காது.

ஐஎஸ்ஓ 19593-1 என்று 2018-இல் வந்த தரம் ஒன்று இருக்கிறது. எது வெட்டு, எது கிரீஸ், எது வெள்ளை, எது வார்னிஷ், எது பிரெய்ல் என்பதை நிறத்தின் பெயரை வைத்து ஊகிக்காமல் பிடிஎஃப்-க்குள் லேயரோடு சேர்த்துப் பதிவு செய்யும் முறை அது. "டை", "கட்டர்", "கத்தி" என்று ஆளுக்கொரு பெயர் வைக்கும் குழப்பத்துக்கு மருந்து இது. உங்கள் பிளகின் இதை எழுதுமா, அச்சகத்தின் மென்பொருள் படிக்குமா என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாகலை

நன்றி. இன்னும் இரண்டு. புது இல்லஸ்ட்ரேட்டர் வந்ததும் பிளகின் மெனுவிலேயே இல்லை. பெட்டியில் தமிழ் எழுத்தும் உடைகிறது; கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

கத்திவரி

பிளகின்கள் இல்லஸ்ட்ரேட்டரின் குறிப்பிட்ட பதிப்புக்கென்று கட்டப்படுபவை. பெரிய பதிப்பு மாறினால் புதிதாகக் கட்டி வெளியிடும் வரை வேலை செய்யாமல் போகலாம். கிரியேட்டிவ் கிளவுடில் புதுப்பிக்கும்போது பழைய பதிப்பை நீக்கும் தேர்வை எடுத்துவிட்டு, பழையதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் இன்டெல் பிளகின் நேரடியாக ஏறாது. இல்லஸ்ட்ரேட்டரை ரொசெட்டா (இன்டெல் மென்பொருளை ஓட்டவைக்கும் ஆப்பிளின் வசதி) வழியாகத் திறந்தால் ஏறும், வேகம் குறையும்.

தமிழுக்கு: விருப்பங்களில் டைப் பகுதியில் இன்டிக் தேர்வுகளைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பாராகிராஃப் பேனலின் மெனுவில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளை அடுக்கும் முறையை) தேர்ந்தெடுங்கள். அப்படியும் உடைந்தால் எழுத்துரு யூனிகோடாக இல்லாமல் பழைய குறியாக்கமாக இருக்கலாம். அனுப்பும் பிரதியில் எழுத்தை அவுட்லைன் ஆக்குங்கள், மூலக்கோப்பில் ஆக்காதீர்கள். பார்கோடு, பிளகின் தானாகப் புதுப்பிக்கும் வெள்ளை அடுக்கு என்று பிளகின் உண்டாக்கிய எல்லாவற்றையும் அதே பிரதியில் சாதாரண வடிவங்களாக விரித்துவிடுங்கள்; பிளகின் இல்லாத கணினியில் அவற்றைத் திருத்த முடியாது.

டப்பாகலை

கடைசிக் கேள்வி. ஓவியம் முடிந்த பிறகு டைலைன் மாறினால்? உயரம் 2 மி.மீ. கூடியிருக்கிறது.

மடிப்புக்காரன்

முழு ஓவியத்தையும் சதவீதத்தில் நீட்டாதீர்கள். பார்கோடும் லோகோவும் கெடும். புது டைலைனைத் தனி லேயரில் வைத்து, முன்பக்கப் பேனலின் கீழ் இடது கிரீஸ் மூலையைப் பழையதோடு ஒட்டவையுங்கள். ஸ்மார்ட் கைட்ஸ் போதும். பழைய டைலைனை மங்கலாக்கிவிட்டு, எந்தக் கோடு நகர்ந்தது என்று பேனல் பேனலாகப் பாருங்கள். 2 மி.மீ. கூடினால் மேல் டக், டஸ்ட் ஃபிளாப்பில் இருக்கும் ஓவியம் மட்டும் 2 மி.மீ. மேலே போகும், சுற்றுப் பேனல்களின் பின்னணி 2 மி.மீ. நீளும், மற்றவை அப்படியே. ஒவ்வொரு பேனலுக்கும் தனி கிளிப்பிங் மாஸ்க் வைத்திருந்தால் மாஸ்க்கின் மேல் விளிம்பை மட்டும் இழுத்தால் வேலை முடிந்தது.

கத்திவரி

ஏஆர்டி கோப்பாக வந்தால் ஸ்ட்ரக்சுரல் டிசைன் பிளகினில் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், கோட்டு வகைகள் கெடாமல் வரும். எந்த வழியாயினும் பழைய டைலைன் லேயரை மறைத்து வைக்காமல் அழித்துவிட்டு பிடிஎஃப் எடுங்கள். கோப்பின் பெயரில் டைலைனின் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். டை செய்பவர் கையில் இருப்பதும் அதே எண்தானா என்று ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.